எச்சில் கேட்டவர்

மனித உடலிலிருந்து மாதிரி எடுக்கும் ஆய்வுகளுக்கென்று ஒரு நெறிமுறை இருக்கிறது. அதில் ஒப்புதல் பற்றிய பகுதியில் இப்படி ஒரு வரி: மாதிரி தருபவருக்கு யோசித்துப் பதில் சொல்லப் போதிய அவகாசம் அளிக்கப்பட வேண்டும், அவரை எவ்விதத்திலும் வற்புறுத்தலாகாது. போதிய அவகாசம் என்றால் எவ்வளவு என்று அதில் இல்லை. அடிக்குறிப்பு வரை தேடியிருக்கிறேன். விதிகளில் இப்படி விட்டுப்போன இடங்களை நிரப்பத்தான் என்னைப் போன்றவர்களுக்குச் சம்பளம் கொடுத்தார்கள். ஒரு வாரம் என்று போட்டுக்கொள்ளலாம். ஒரு மணி நேரம் என்றும் போட்டுக்கொள்ளலாம், யாரும் கேட்கப்போவதில்லை. அந்த வரியை அதில் எழுதியிருக்கிறபடியே எடுத்துக்கொண்ட ஒரே ஒருவரை எனக்குத் தெரியும்.

குன்னூருக்கு வெளியே ஒரு தேயிலை ஆய்வுக்கூடத்தில் அவர் உயிர்வேதியியல் பிரிவில் இருந்தார். நான் நிர்வாகப் பிரிவு. என் அறைக் கதவு எப்போதும் திறந்தே கிடக்கும். விசாலமான மனது என்று நினைக்க வேண்டாம்; மழைக்கு மரம் ஊறிப்போய்க் கதவு சாத்தவே வராது. எல்லோரும் நேராக உள்ளே வந்து மேசைமேல் கையூன்றிப் பேச ஆரம்பிப்பார்கள். அவர் மட்டும் திறந்திருக்கிற கதவைத் தட்டுவார். "வரலாமுங்களா?" தட்டிவிட்டு வெளியிலேயே நிற்பார். நான் தொலைபேசியில் இருந்தால் முடிகிறவரை நிற்பார். உள்ளே வந்தால், மேசையில் கிடக்கும் ஸ்டேப்லரை எடுக்கலாமா என்று கேட்பார்.

"அது ஆபீஸ் ஸ்டேப்லர் மேடம். எனக்கென்ன உரிமை?"

"உங்க மேசைல இருக்குதுங்களே."

கேட்காமல் எதையும் எடுக்க மாட்டார். கேட்ட பிறகு பதில் வருகிறவரை அசைய மாட்டார். அவரைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் கடைசியில் இந்த ஒன்றில்தான் போய் முடிகிறது.

ஒருமுறை ஆபீஸ் ஜீப்பில் கோத்தகிரிப் பக்கம் ஒரு கூட்டத்துக்குப் போனோம். வளைவு திரும்பினால் பாதை நடுவில் காட்டெருமை. டிரைவர் ஹாரனில் கை வைத்தார்.

"வேண்டாமுங்க. பார்த்துட்டுத்தான் இருக்குது. போயிரும்," என்றார் மேடம்.

அது போகவில்லை. படுத்தது. அசை போட ஆரம்பித்தது. மூடுபனி இறங்கி, ஏறி, மறுபடி இறங்கியது.

"மேடம்," என்றார் டிரைவர், "இது ரிட்டயர் ஆனாத்தான் எந்திரிக்கும் போல."

அவர் சிரித்தார். ஆனால் ஹாரனுக்குச் சம்மதிக்கவில்லை. நாங்கள் போனபோது கூட்டம் முடிந்து, வடையும் முடிந்திருந்தது.

திருமணம் செய்துகொள்ளாதவர். கோபிப் பக்கம் சொந்த ஊர். குவார்ட்டர்ஸ் வரிசையில் கடைசி வீடு அவருடையது. அதற்கப்புறம் தேயிலை, அதற்கப்புறம் சோலை. தீபாவளிக்கு ஊருக்குப் போவார், போன வேகத்தில் திரும்பிவிடுவார். அங்கே அவரிடம் யாரும் எதுவும் கேட்பதில்லை என்று ஒருநாள் சொன்னார். அதைக் குறையாகச் சொன்னாரா, நிம்மதியாகச் சொன்னாரா என்று முகத்தைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியவில்லை.

அவருடைய வேலை துவர்ப்பு.

"அறுசுவையில் ஒன்று," என்றேன், பள்ளிக்கூடத்தில் படித்ததை வீணாக்காமல்.

"அதுல ஒண்ணைக் கழிச்சிருங்க சார். துவர்ப்பு ருசியே இல்லீங்க. அது தொடுறது."

பிறகு விளக்கினார். எச்சிலில் நூல் போல நீளநீளமான புரதங்கள் இருக்கின்றன. வாயை வழவழப்பாக வைத்திருப்பவை அவை. தேயிலையிலுள்ள பாலிஃபீனால்கள் உள்ளே வந்ததும் அந்த நூல்களைப் பிடித்துக்கொள்கின்றன. பிடிப்பதற்கு அவற்றுக்கு ஒரு கை அல்ல, பல கைகள். ஒரு கையில் ஒரு நூல், இன்னொரு கையில் இன்னொரு நூல். இப்படி ஒன்றோடொன்று கட்டுப்பட்டு, எச்சிலில் கரைந்திருந்த புரதம் திரிதிரியாகப் பிரிந்துவிடுகிறது. வழவழப்புப் போய் நாக்கு அண்ணத்தில் உரசுகிறது. அந்த உரசலுக்குத்தான் நாம் துவர்ப்பு என்று பெயர் வைத்திருக்கிறோம்.

"வாய்தானுங்க முதல் செக்போஸ்ட்," என்றார். "அங்க மாட்டாம தப்பிச்சது வயித்துக்குப் போவும். ஜீரணத்துக்கு இருக்கிற என்சைமும் புரதந்தானுங்களே, அதைப் போய்ப் பிடிச்சுக்கும். ரத்தத்துக்கு வந்து சேர்ற மிச்சம் மீதி ஆல்புமின்மேல தொத்திக்கிட்டுச் சுத்தும், மேட்டுப்பாளையம் பஸ்ஸுல தொங்கிட்டுப் போற மாதிரி. அதனால வாயிலயே எவ்வளவு பிடிபடுதுங்கறது முக்கியமுங்க."

பால் ஊற்றினால் கதையே வேறு. பாலிலுள்ள புரதம் முந்திக்கொண்டு பிடித்துவிடும். எச்சிலுக்கு வேலை குறைவு. நானும் டவுன்காரர்களும் குடிப்பது பால் டீ. தோட்டத்து லைன் வீடுகளில் இருப்பவர்கள், அதிலும் இலங்கைத் தோட்டங்களிலிருந்து திரும்பி வந்த குடும்பங்கள், நினைவு தெரிந்த நாளிலிருந்து குடிப்பது வெறும் சாயம். சோற்றுக்கு முன்னால், சோற்றுக்குப் பின்னால், சோறில்லாதபோது சோற்றுக்குப் பதிலாக.

"ஆயுசு முழுக்க அதைக் குடிச்ச வாய், தானா காவலைக் கூட்டி வச்சுக்குமா சார்? அந்தப் புரதம் அவங்க எச்சில்ல கூடுதலா இருக்குமா? எலி கூட்டிக்குதுங்க. மனுசங்க விஷயத்துல யாரும் உறுதியாச் சொல்லல."

அவருக்கு இருந்தது இந்த ஒரு கேள்விதான். அதற்கு லைன் பெண்களின் எச்சில் வேண்டும். ஓய்வு பெறுவதற்குள் அது கிடைக்க வேண்டும்.

நம் ஊரில் ரத்தம் கேட்டால் கொடுப்பார்கள். சிறுநீர் கேட்டால் கூச்சப்பட்டுக்கொண்டு கொடுப்பார்கள். எச்சில் கேட்டால் சண்டைக்கு வருவார்கள். ஆய்வுக்கூடத்தில் அவருக்கு "எச்சில் மேடம்" என்று பெயர். கண்ணாடிச் சாமான் கழுவும் ஊழியர், எச்சில் பட்ட குழாயைக் கழுவுவது தன் பணி விவரத்தில் இல்லை என்று மனு எழுதினார். விவரத்தைப் புரட்டிப் பார்த்தேன், உண்மையிலேயே இல்லை. மேடம் குழாய்களைத் தானே கழுவிக்கொண்டார். கேண்டீனில் அவர் மேசையில் மட்டும் ஒரு நாற்காலி எப்போதும் காலியாக இருக்கும். நான் போய் உட்காருவேன். அன்பு என்று பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. என் மேசையிலும் ஆள் கிடையாது. நிர்வாகப் பிரிவுக்காரனோடு யார் சாப்பிடுவார்கள்?

நெறிமுறைக் குழுவின் அனுமதி வராமல் பிறர் எச்சிலைத் தொட முடியாது. அதுவரை சொந்த எச்சிலை வைத்து முறையைச் சரிசெய்துகொள்வது என்று முடிவெடுத்தார். அதற்கும் ஒப்புதல் படிவம் போட்டார். தருபவர் கையெழுத்து: அவர். பெறுபவர் கையெழுத்து: அவர். சாட்சி: நான்.

"உங்களை நீங்களே வற்புறுத்தவில்லை என்று நான் எப்படி நம்புவது?" என்று கேட்டேன்.

யோசித்தார். நிஜமாகவே யோசித்தார்.

"இன்னிக்கு வற்புறுத்தலீங்க," என்றார்.

சில வருடம் அப்படியே போயிற்று. அதற்குள் நான் ஓய்வு பெற்றேன். அடுத்த குளிரில் என் மனைவி இறந்தாள். அந்தச் சமயத்தில்தான் அவருக்கு வாய் வறள ஆரம்பித்தது. உடம்பின் காவலே உமிழ்நீர்ச் சுரப்பிகளைப் பகையென்று நினைத்துத் தாக்குகிற வியாதியாம். கோயம்புத்தூரில் காட்டிவிட்டு வந்து, ஸ்டோரில் சரக்கு தீர்ந்ததைச் சொல்வதுபோலச் சொன்னார்: "சப்ளை நின்னுபோச்சுங்க சார்." வர்க்கி பிஸ்கட்டைக் கடித்தால் மணல் மாதிரி இருக்கிறது என்றார். கையில் எப்போதும் தண்ணீர் பாட்டில். பாலில்லாத டீயைத்தான் டீ என்று சொல்லிவந்தவர், பால் இல்லாமல் குடிக்க முடியாதவர் ஆனார்.

"எச்சில் செய்யாத வேலையை இப்ப மாடு செஞ்சு குடுக்குதுங்க."

"மாட்டைக் கேட்டீர்களா?"

"பால்காரரைக் கேட்டனுங்க."

முறையைச் சோதிக்க இனி அவரிடம் எச்சில் இல்லை. விதிகளைப் புரட்டி நான் ஒரு வழி கண்டுபிடித்தேன். கருவியின் அளவைச் சரிபார்ப்பது ஆய்வு ஆகாது. ஓய்வு பெற்றவன் எவருக்கும் கீழே வேலை செய்பவன் அல்ல. அவனை வற்புறுத்த ஆளில்லை. ஆகவே என் எச்சில் மனித மாதிரி இல்லை, அளவு சரிபார்க்கும் திரவம். இரண்டு பக்கத்துக்கு எழுதிக் கொடுத்தேன். மூன்று முறை படித்துவிட்டு, "இது தப்பில்லீங்களா?" என்றார். "தப்பில்லை என்பதைத்தான் இரண்டு பக்கம் எழுதியிருக்கிறேன்," என்றேன்.

முதல் நாள் குழாயைக் கையில் வைத்துக்கொண்டிருந்தும் ஒரு துளி வரவில்லை. ஒரு பெண்மணியின் எதிரில் உட்கார்ந்து துப்புவதற்கு என் வாய்க்குப் பயிற்சி இல்லை. அவர் எழுந்து ஜன்னல் பக்கம் திரும்பி நின்று, சில்வர் ஓக் மரங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு வந்தது. பால் சேர்க்காத டீயில் அதைக் கலந்தபோது, தெளிந்திருந்த சிவப்பு கண்ணெதிரே மூட்டம் போட்டது. குன்னூர் ஸ்டேஷனில் ரயிலுக்கு நிற்கும்போது பள்ளத்திலிருந்து மூடுபனி ஏறிவருமே, அந்த மாதிரி.

தினமும் காலையில் போனேன். தினமும் கேட்டார்: "இன்னிக்குச் சம்மதமுங்களா?" நேற்றுச் சொன்னது நேற்றைக்குத்தான் என்பது அவர் கணக்கு. மனைவி போன பிறகு என் சம்மதத்தைக் கேட்டவர்கள் வங்கியும் செல்போன் கம்பெனியும்தான். அவர்களும் பதிலுக்கு நின்றதில்லை.

ஒருநாள் குழாயை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தவர், "சார், வர்றதுக்கு முன்னால ஏதாவது சாப்பிட்டீங்களா?" என்றார்.

"இல்லையே."

"கடுக்காய்?"

இரவில் சாப்பிட மறந்த கடுக்காய்ப் பொடியை அன்று விடியலில் வெந்நீரில் போட்டுக் குடித்திருந்தேன். அதிலிருக்கும் துவர்ப்பு, டீ வருமுன்பே என் புரதங்களைப் பிடித்து இழுத்துக்கொண்டு போயிருக்கிறது. ஆளில்லாத வீட்டில், விடியாத நேரத்தில் நான் செய்த ஒரு காரியம் இன்னொருவருக்குத் தெரிந்திருக்கிறது. "மலச்சிக்கலுங்களா? தண்ணி நெறையக் குடிங்க," என்றார். அன்று முழுக்க எனக்கு மனது லேசாக இருந்தது. காரணம் கேட்டால் எந்தப் படிவத்திலும் எழுத முடியாது.

குழுவின் அனுமதி தாமதமானதற்குக் காரணம், குழுவில் ஒரு இடம் காலி. மருத்துவர் இருந்தார், வழக்கறிஞர் இருந்தார். "சாதாரண மனிதர்" ஒருவர் இருக்க வேண்டும் என்கிறது விதி, அவர் கிடைக்கவில்லை. என்னையே கேட்டார்கள். ஆயுள் முழுக்க விதிகளைப் படித்தவன் சாதாரண மனிதனாகக் கருதப்பட மாட்டான் என்று எழுதி மறுத்தேன். கடைசியில் ஒரு ஓய்வுபெற்ற போஸ்ட்மாஸ்டர் கிடைத்தார். அனுமதி வந்தது. மேடம் ஓய்வு பெற இன்னும் காலம் இருந்தது.

எல்லோரும் வேலை முடிந்தது என்றே நினைத்தோம். தோட்டத்து மேஸ்திரி ஒரு யோசனை சொன்னார்: "கொழுந்து நிறுக்கிற எடத்துல லைனா நிக்க வெச்சிர்றேன் மேடம். அரை மணி நேரத்துல ஆளுக்கொரு குழாய் துப்பிட்டுப் போயிருவாங்க. கைநாட்டு அப்புறமா வாங்கிக்கலாம்." பின்னேற்பு என்று அதற்கு ஒரு நடைமுறையே உண்டு. நானே எத்தனையோ முறை செய்து கொடுத்திருக்கிறேன். மேடம், "நான் போய்க் கேக்கறனுங்க," என்றார்.

எழுதப் படிக்கத் தெரியாதவர்களிடம் ஒப்புதல் கேட்கும்போது நடுநிலைச் சாட்சி ஒருவர் உடன் இருக்க வேண்டும். நான் போனேன்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். லைன் வாசலில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்த பெண்கள் கூடினார்கள். எல்லோரும் ஒருவர் முகத்தையே பார்த்தார்கள். செல்லம்மா. கொழுந்து பறித்து ஓய்ந்தவர். சிறுமியாக இலங்கையிலிருந்து கப்பலேறி வந்தவர். அந்த லைனில் அவர் சொல்லாமல் ஒருத்தியும் தலையாட்ட மாட்டாள்.

"எச்சியா?" என்றார் செல்லம்மா.

சிரிப்பு கிளம்பியது. "எங்க மாமியா மூஞ்சில துப்பச் சொல்லுங்க, ஒரு கொடமே தாரேன்," என்றாள் ஒரு இளையவள்.

மேடம் ஒரு கல்லில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னார். நூல், பிடி, உரசல், காவல். எடுத்த உடனே ஐஸில் வைக்க வேண்டும், அன்று காலை எதையும் வாயில் போட்டிருக்கக் கூடாது, வெற்றிலை கூடாது. கொடுப்பதால் அவர்களுக்கு ஒரு லாபமும் இல்லை. வேண்டாம் என்றால் யாரும் ஒன்றும் கேட்க மாட்டார்கள்.

செல்லம்மா கேட்டு முடித்துவிட்டு, "எதுக்கு?" என்றார்.

"இப்பச் சொன்னனுங்களே…"

"நெசமா எதுக்கு?"

மேடம் பாட்டிலிலிருந்து ஒரு வாய் தண்ணீர் குடித்தார். "ஒருக்கா நான் இங்க வந்திருக்கனுங்க. வேலைக்குச் சேர்ந்த புதுசு. டாக்டருங்க கூட. அப்ப ரத்தம் எடுத்தோம். காய்ச்சலுக்குன்னு சொன்னேன். அது காய்ச்சலுக்கு இல்லீங்க."

"தெரியுமே," என்றார் செல்லம்மா. "ரெட்டச் சடை. நீலத் தாவணி. குழாயப் புடிச்சிக்கிட்டு நின்னீங்க. காய்ச்ச யாருக்குமே இல்லையேன்னு எங்க ஆத்தா கேட்டுச்சு. இனிமே வரும்னு சொன்னீங்க."

யாரும் சிரிக்கவில்லை.

"ஆமாங்க. சொன்னேன்."

"அந்த ரத்தம் என்னாச்சு?"

"வெளியூருக்கு அனுப்புனாங்க. என்ன ஆச்சுன்னு எனக்கும் சொல்லலீங்க. கேட்டிருக்கோணும். கேக்கல."

செல்லம்மா கொடியில் கிடந்த துணியை எடுத்து உதறினார். "யோசிச்சிச் சொல்லுறேன்."

"சரிங்க."

"எப்ப வருவீங்க?"

"எப்பச் சொன்னாலும் சரிங்க."

இறங்கி வரும்போது நான் சொன்னேன்: "அடுத்த ஞாயிறு ஒரு தடவை கேட்டுவிடலாம்."

"கேட்டாச்சுங்களே சார்."

"பதில் வரவில்லையே."

"ரெண்டாவது தடவை கேட்டா அது வற்புறுத்தலுங்க."

அதற்கப்புறம் ஞாயிறு தவறாமல் அங்கே போனார். கேட்பதற்கு இல்லை. முதல் சில வாரம் செல்லம்மா வாசலிலேயே மறித்தார்.

"எச்சிக்கா வந்தீங்க?"

"இல்லீங்க. சும்மா."

"சும்மா வர்றதுக்கு இது என்ன பொட்டானிக்கல் கார்டனா?"

பிறகு உட்காரச் சொன்னார். பிறகு தேத்தண்ணி கொடுத்தார். லைனில் கொடுக்கிற தேத்தண்ணி, கறுத்த சாயம். எச்சில் இல்லாத வாய்க்கு அது எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். உப்புத்தாள் கொண்டு தேய்ப்பதுபோல என்று அவரே சொல்லியிருக்கிறார். ஒரு சொட்டு மிச்சம் வைக்காமல் குடித்தார். இப்படிப் பல வாரம். நான் கூடப் போயிருந்த ஒருநாள் செல்லம்மா டம்ளரை அவர் கையிலிருந்து வாங்கிவிட்டார்.

"ஒங்களுக்கு முழுங்க முடியல."

"முடியுதுங்க."

"பொய் சொல்லாதீங்கம்மா. ஒருக்காச் சொன்னதே போதும்."

மேடம் சிரித்துவிட்டார். செல்லம்மாவும் சிரித்தார். அடுத்த ஞாயிறு அந்தக் காம்பராவில், லைன் வீட்டின் அந்த ஒற்றை அறையில், ஒரு பால்பவுடர் பாக்கெட் இருந்தது. அந்த வீட்டில் அதை வேறு யாரும் தொடுவதில்லை. எச்சில் பற்றி மட்டும் செல்லம்மா ஒரு வார்த்தை சொல்லவில்லை, மேடமும் கேட்கவில்லை.

அனுமதியின் காலம் முடிந்தது. நீட்டிப்புக்கு எழுதினார். மறுபடி முடிந்தது. "தாமதத்துக்கான காரணம்" என்ற கட்டத்தில் "பதில் எதிர்பார்க்கப்படுகிறது" என்று எழுதினார். யாரிடமிருந்து என்று குழு கேட்டது. "செல்லம்மா" என்று எழுதினார். அந்தப் பெயரில் எந்தத் துறையும் இல்லாததால் கோப்பு கொஞ்ச நாள் மேசை மேசையாகச் சுற்றியது. ஆழ்குளிர்ப் பெட்டியில் மாதிரிகளுக்கென்று அவர் ஒதுக்கிய தட்டு காலியாகவே இருந்தது. ஆண்டு விழாவுக்கு அதில் ஐஸ்கிரீம் வைத்தார்கள். அதற்கும் அவரைக் கேட்கவில்லை.

ஓய்வு நாளும் வந்தது. மேடையில் இயக்குநர், எது எதோடு சேரும் என்று ஆராய்ந்த மேடம் தான் மட்டும் யாரோடும் சேராமலே இருந்துவிட்டார் என்று நகைச்சுவை செய்தார். கூட்டம் சிரித்தது. மேடம் மரியாதைக்குக் கைதட்டினார்.

வெலிங்டன் பக்கத்தில் ஒரு வீட்டின் பின்கட்டு வாடகைக்குக் கிடைத்தது. ராணுவ முகாமின் பியூகிள் சத்தம் கேட்டு எழுந்து, அது கேட்டுப் படுத்தார். ஆய்வுக்கூடத்துக்குள் போக இனி கேட்டில் சீட்டு வாங்க வேண்டும். என் எச்சிலுக்கும் வேலை போயிற்று. காலையில் எழுந்தால் போக இடமில்லை. பழக்கத்தில் வாய் ஊறிக்கொண்டிருக்கும், விழுங்கிக்கொள்வேன். அவர் மட்டும் ஞாயிற்றுக்கிழமைகளில் லைனுக்குப் போய்க்கொண்டிருந்தார்.

"இனிமேல் பதில் வந்தும் என்ன பிரயோஜனம்?" என்று கேட்டேன். "ஆய்வுக்கூடம் இல்லை, அனுமதி இல்லை."

"பதில் ஆய்வுக்கூடத்துக்கு இல்லீங்களே சார். கேட்டது நானு."

ஐப்பசி மழையில் அவருக்குச் சளி நெஞ்சில் கட்டியது. எச்சில் இல்லாத வாயில் கிருமிக்கு வரவேற்பு அதிகம் என்று மருத்துவமனையில் சொன்னார்கள். பேச்சு குறைந்தது. நர்ஸ் நனைத்த பஞ்சை உதட்டில் வைக்க வரும்போது மட்டும் நிமிர்ந்து பார்ப்பார். அந்தப் பெண் புரிந்துகொண்டு, "வெக்கட்டுமாம்மா?" என்று கேட்ட பிறகே வாயைத் திறந்தார். அதன்பின் இரண்டு நாள்தான் இருந்தார்.

கோபியிலிருந்து தம்பி வந்தார். வீட்டைத் திறந்து பார்த்துவிட்டு, "ஏனுங்க, இந்த ஊட்டுல எடுத்துட்டுப் போறதுக்கு ஒண்ணுமே இல்லீங்களே," என்றார், கொஞ்சம் சங்கடத்தோடு. மூடுபனி கட்டுமுன் மலைப்பாதையில் பர்லியார் தாண்ட வேண்டும் என்று ஆம்புலன்ஸ்காரர் அவசரப்பட்டார். காரியங்கள் எல்லாம் ஊரில்தான். மலையில் அவருக்கென்று ஒரு விளக்கு ஏற்ற ஆளில்லை. நான் ஏற்றலாமா என்றால், எந்த உறவுமுறையில் என்று எனக்கே தெரியவில்லை.

லைனுக்குச் செய்தி யார் மூலம் போயிற்று என்றும் தெரியாது. ஒரு காலை, வெயில் ஏறுமுன், என் வீட்டுக் கதவைத் தட்டினார்கள். திறந்தால் செல்லம்மா. இரண்டு பஸ் மாறி வந்திருக்கிறார். கையில் ஒரு பிளாஸ்டிக் பை, சொட்டுச் சொட்டாக ஒழுகிக்கொண்டு. மார்க்கெட்டில் மீன் கடைக்காரரிடம் வாங்கிய ஐஸ். ஐஸுக்கு நடுவில் மூடி இறுக்கின சின்ன சில்வர் டப்பா.

"ஐஸ்ல வெக்கணும்னு அம்மா சொல்லியிருந்தாங்க," என்றார். "பச்சத் தண்ணிகூடப் பல்லுல படல. வெத்தல போடல."

டப்பாவில் இருப்பது எச்சில் என்று அப்போதுதான் புரிந்தது.

"செல்லம்மா, மேடம் போயிட்டாங்க."

"தெரியும் சார். இன்னிக்குப் பதினாறு இல்ல?"

செத்தவர்களுக்குப் பிடித்ததைப் பதினாறாம் நாள் வைத்துக் கும்பிடுவார்கள். வைப்பதை யாரும் முன்கூட்டி வாயில் வைத்துவிடக் கூடாது. எச்சில் பட்டால் படையலே இல்லை. இது செல்லம்மாவுக்கும் தெரியும்.

"அவங்களுக்கு வேற என்ன புடிக்கும்னு எனக்குத் தெரியல," என்றார். "இது ஒண்ணுதான் கேட்டாங்க."

"முன்பே கொடுத்திருக்கலாமே" என்று நான் கேட்கவில்லை. என் முகம் கேட்டிருக்க வேண்டும்.

"குடுத்துட்டா அப்புறம் வர மாட்டாங்கன்னு நெனச்சேன்," என்றார். "எடுத்துக்கிட்டுப் போனவங்க யாரு சார் திரும்பி வந்திருக்காங்க?"

உள்ளே கூப்பிட்டேன். டப்பாவை வாங்கிக்கொள்ள எனக்கு அதிகாரம் இல்லை. அனுமதி காலாவதி, ஆய்வாளர் இல்லை, வைக்க இடமில்லை. வாங்கிக்கொண்டேன்.

"எதுக்குன்னு ஒருக்கா காட்டுங்க," என்றார்.

பால் சேர்க்காமல் டீ போட்டு, ஆறவைத்து, வடிகட்டி, இரண்டு கண்ணாடி டம்ளர்களில் ஊற்றி ஜன்னலோரம் வைத்தேன். ஒன்றில் டப்பாவில் இருந்ததைச் சேர்த்தேன். இன்னொன்றில் என் எச்சிலைச் சேர்க்க நான் திரும்பி நின்றுகொண்டேன். செல்லம்மாவும் எனக்கு முதுகு காட்டித் திரும்பிக்கொண்டார். பிறகு இருவரும் குனிந்து பார்த்தோம். இரண்டு டம்ளரும் கலங்க ஆரம்பித்தன.

"இவ்ளோதானா?" என்றார்.

"இவ்வளவுதான்."

"எது சார் கூட?"

வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கிப் பார்த்தேன். அதைச் சொல்லும் தகுதி எனக்கில்லை என்றேன். அது தெரிந்தவர் ஒருவர்தான். செல்லம்மா தன் டம்ளரை ஜன்னல் கட்டையிலேயே வைத்துக் கும்பிட்டுவிட்டு, பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று கிளம்பினார்.

மேடத்தின் கோப்பு இப்போது எந்த மேசையில் இருக்கிறதோ தெரியாது. எவரிடம் இருந்தாலும், விட்டுப்போன கட்டத்தை இப்படி நிரப்பிக்கொள்ளலாம். பதில்: சம்மதம். பதில் வந்த தேதி: அவர் இறந்த பதினாறாம் நாள், கார்த்திகை மாதம், வியாழக்கிழமை, காலை.